அகலப் படத்தைத் துண்டாக்குவதா, முழுதாக விடுவதா?

அகலமான ஒளிப்படத்துக்கும் கைபேசித் திரைக்கும் ஒத்துப்போகாது என்பது கணக்கிலேயே தெரியும். இன்ஸ்டகிராமில் ஒரு பதிவின் அகலம் 1080 பிக்சல். நின்ற வாக்கில் 4:5 விகிதத்தில் இடும் படத்துக்கு அங்கே 1350 பிக்சல் உயரம் கிடைக்கிறது. உயரத்தைப்போல் மூன்று மடங்கு அகலமுள்ள ஒரு படத்தை முழுதாக வைத்தால் உயரம் 360 பிக்சல்தான். நின்ற படத்துக்குக் கிடைக்கும் இடத்தில் நான்கில் ஒரு பங்குக்குச் சற்றுக் கூட. அந்த அகலத்தைப் படுத்த வாக்கில் அப்படியே இடவும் முடியாது. ஒளிப்படத்துக்கு இன்ஸ்டகிராம் ஏற்கும் மிக அகன்ற விகிதம் 1.91:1. அதற்கு மேல் போனால் ஓரங்களை வெட்ட வேண்டும், அல்லது மேலும் கீழும் வெறும் பட்டை சேர்க்க வேண்டும்.

கிழக்கிலங்கையின் ஓட்டமாவடிப் பாலம் இந்தச் சிக்கலுக்கு நல்ல மாதிரி. மட்டக்களப்பிலிருந்து பொலன்னறுவைப் பக்கமோ திருகோணமலைப் பக்கமோ போகிறவர்கள் கடந்து போகும் இடம் அது. ஒரு காலத்தில் ரயிலும் வாகனங்களும் ஒரே இரும்புப் பாலத்தை மாறி மாறிப் பயன்படுத்தின. இப்போது பக்கத்திலேயே வாகனங்களுக்குப் புதிய பாலம் இருக்கிறது, பழையது ரயிலுக்கு. கரையில் நின்று இரண்டையும் ஒரே சட்டத்துக்குள் கொண்டுவர முயன்றால் படம் தானாகவே நீண்டுவிடும்: ஒரு கரையிலிருந்து மறு கரைவரை பாலங்கள், கீழே அகன்ற நீர், ஓரத்தில் கண்டல் மரங்கள், எங்கோ ஒரு தோணி. கல்லடியில் 1924ஆம் ஆண்டுப் பழைய பாலத்தையும் 2013இல் திறந்த புதிய பாலத்தையும் சேர்த்து எடுப்பவருக்கும் இதே நிலைதான். கிழக்கின் வாவிக்கரைகளில் காட்சிகள் உயர்வதில்லை, படுத்து நீள்கின்றன.

இத்தகைய படத்தை இடச் சில வழிகள் உண்டு. முழுதாக ஒரே பதிவில் சிறிதாக இடலாம். துண்டுகளாக்கி, விரலால் தள்ளத் தள்ள ஒன்றோடொன்று ஒட்டிவருமாறு ஒரே பதிவின் ஸ்லைட்களாக்கலாம். பக்கத்தின் முகப்புக் கட்டங்களில் தனித்தனிப் பதிவுகளாகப் பரப்பலாம். படத்தின் மேல் மெல்ல நகரும் வீடியோவாக்கலாம். தொடர்ச்சியை மறந்து, நல்ல பகுதிகளை மட்டும் தனித்தனியே வெட்டிக் காட்டலாம். எதைத் தேர்வது என்பதைப் படத்தின் அகலத்தைவிட அதற்குள் என்ன ஓடுகிறது என்பதே தீர்மானிக்க வேண்டும்.

ஸ்லைட்களாகத் துண்டாக்குவது பலன் தருவது, படத்தின் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை ஏதோ ஒன்று இழுத்துச் செல்லும்போதுதான். பாலம் அப்படி ஒன்று. முதல் ஸ்லைட்டின் வலது ஓரத்தில் பாலம் அறுபட்டு நிற்கும். மீதி எங்கே என்று விரல் தானாகத் தள்ளும். ரயில் தண்டவாளம், கரையோரத்தில் வரிசையாகக் கட்டிய தோணிகள், இழுத்துக்கொண்டிருக்கும் கரைவலையின் கயிறு எல்லாம் இதே வேலையைச் செய்யும். வெறும் வானமும் நீரும் சந்திக்கும் கோடு மட்டும் உள்ள பாசிக்குடாக் கடற்படம் செய்யாது. அதன் இரண்டாவது ஸ்லைட்டில் முதலாவதில் இல்லாத எதுவும் இருக்காது; பார்ப்பவர் ஏமாந்து திரும்புவார். அப்படிப்பட்ட படம் முழுதாகச் சிறிதாக நிற்பதே மேல். வெறுமைதான் அதன் அழகென்றால் அந்த வெறுமை ஒரே பார்வையில் தெரிய வேண்டும்.

இன்ஸ்டகிராமில் ஒரு பதிவில் பல படங்களை இடும் வசதி 2017இல் வந்தது. அப்போது உச்சவரம்பு 10; 2024இல் அது 20 ஆனது. வரம்பு கூடியதற்காகத் துண்டுகளைக் கூட்டத் தேவையில்லை. பாலம் போன்ற காட்சிக்கு மூன்று போதும், நான்கு தாங்கும். ஐந்தாவதுக்குப் போக வேண்டுமானால் அங்கே காத்திருக்க ஏதாவது இருக்க வேண்டும்.

துண்டுகளின் எண்ணிக்கையைத் தீர்மானிக்கும்போதே விகிதமும் தீர்மானமாகிவிடுகிறது. 4:5 ஸ்லைட் மூன்று சேர்ந்தால் 3240க்கு 1350, அதாவது 2.4:1. நான்கு சேர்ந்தால் 4320க்கு 1350, 3.2:1. சதுரமாக இட்டால் கணக்கு எளிது: எத்தனை துண்டோ உயரத்தின் அத்தனை மடங்கு அகலம். ஆனால் சதுரத்தில் உயரம் 1080 ஆகக் குறைகிறது. துண்டாக்குவதன் நோக்கமே திரையை நிரப்புவது என்பதால், காரணமில்லாமல் சதுரத்துக்குப் போவது வீண். 2025இலிருந்து 3:4 விகிதமும் ஏற்கப்படுகிறது. பெரிய கெமரா வைத்திருப்பவர்களுக்கு இதில் ஓர் அனுகூலம் உண்டு. பெரும்பாலான எஸ்எல்ஆர் வகைக் கெமராக்களின் படம் 3:2. அதைச் சரிபாதியாகப் பிளந்தால் இரண்டு பாதியும் 3:4. எதையும் வெட்டி எறியாமல் முழுப் படமும் இரண்டு ஸ்லைட்டில் அடங்கிவிடும்.

ஒரு பதிவில் முதல் ஸ்லைட் எந்த விகிதமோ அதற்கேற்பவே மற்றவையும் வெட்டப்படும். ஆகவே எல்லாத் துண்டும் ஒரே அளவில் இருக்க வேண்டும். கடைசியில் முழுப் படத்தையும் ஒருமுறை காட்ட விரும்பினால், அதே அளவுள்ள வெற்றுத் தாளின் நடுவில் அதை வைத்துத் தனி ஸ்லைட்டாகச் சேர்க்கலாம். இது செய்யத்தக்க காரியம். துண்டு துண்டாகப் பார்த்தவருக்கு மொத்தமாகப் பார்க்கும் ஆசை அப்போதுதான் வரும். அதையே முதலில் வைத்தால் மீதியைத் தள்ளிப் பார்க்கக் காரணம் இல்லாமல் போய்விடும்.

துண்டாக்குமுன் படத்தில் போதிய பிக்சல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். 12 மெகாபிக்சல் கைபேசிப் படம் சுமார் 4000க்கு 3000. அதன் நடுப்பகுதியை 2.4:1க்கு வெட்டினால் 4000க்கு 1666 கிடைக்கும். மூன்று ஸ்லைட்டுக்கு அது தாராளம். நான்குக்கு 4320 தேவை, சற்றுக் குறையும். 24 மெகாபிக்சல் கெமராவின் 6000 பிக்சல் அகலம் ஐந்து ஸ்லைட்வரை தாங்கும். குறைவான படத்தை இழுத்துப் பெரிதாக்கினால் முதலில் கெடுவது நீரின் சிற்றலைகளும் கண்டல் இலைகளும். அவை பாசிபோல் ஒன்றாகக் குழம்பிவிடும்.

பிக்சல் போதாதபோது பலர் கைபேசியின் பனோரமாவை நாடுகிறார்கள். பாலத்துக்கு அது ஆபத்தான வழி. கைபேசியைச் சுழற்றி எடுக்கும் பனோரமா, நேர்கோட்டை வளைத்துவிடும். அருகில் நின்று எடுத்தால் நேராக நிற்கும் பாலம் நடுவில் புடைத்து இரு முனையும் ஒடுங்கிய வில்லாகிவிடும். தூரத்துக் காடும் வயலும் வளைந்தால் யாருக்கும் தெரியாது, பாலம் வளைந்தால் உடனே தெரியும். படம் எடுத்துக்கொண்டிருக்கும்போது ரயில் வந்தால் அதன் பெட்டிகள் குறுகியோ நீண்டோ துண்டுபட்டோ பதியும். கடந்து போகும் தோணி இரண்டு தடவை வருவதும் உண்டு. எட்டத்தில் போய் நின்று ஒரே படமாக எடுப்பது நல்லது. இடமில்லையென்றால் கைபேசியை நின்ற வாக்கில் பிடித்து, ஒன்றன்மேல் ஒன்று மூன்றில் ஒரு பங்கு படியுமாறு சில படங்கள் எடுத்துக் கணினியில் ஒட்டலாம். லைட்ரூம் போன்ற மென்பொருள்களில் ஒட்டும்போது கோடுகளை நேராக்கும் முறையைத் தேர்ந்தெடுக்க வழி உண்டு. ஒளியளவை முதல் படத்திலேயே பூட்டிவிட வேண்டும், இல்லையென்றால் வானம் துண்டுக்குத் துண்டு நிறம் மாறும். வாவியின் கிழக்கே எழுவான்கரையில் நின்று மாலையில் மேற்கே படுவான்கரையை நோக்கிக் கெமராவைத் திருப்புகிறவர்களுக்கு இந்தத் தொல்லை அதிகம். சூரியன் இருக்கும் துண்டு வெளுத்து, அடுத்தது இருண்டுபோகும்.

வெட்டு எங்கே விழுகிறது என்பதில்தான் கைத்திறன் தெரியும். சஞ்சிகையின் நடுப்பக்கத்தை வடிவமைப்பவர் மடிப்பில் முகம் விழாமல் பார்த்துக்கொள்வதுபோல, இங்கும் வெட்டுக்கோட்டில் ஆள் விழக்கூடாது. வீச்சுவலையை விரித்து எறியும் மீனவர் ஒருவர் படத்தில் இருந்தால் அவரும் வலையும் ஒரே ஸ்லைட்டில் இருப்பதே முறை. பாலம் அறுபடலாம், அறுபடத்தான் வேண்டும். ஆனால் தூணின் மேலேயே வெட்டு விழுந்தால் இரண்டு ஸ்லைட்டின் ஓரத்திலும் அரைத்தூண் ஒட்டிக்கொண்டு அசிங்கமாக இருக்கும். இரண்டு தூண்களுக்கு இடையில் விழுந்தால் பாலம் காற்றில் நின்று அடுத்ததைத் தேடும். வெட்டு விழும் இடம் சம அளவால் கட்டுப்பட்டது, துண்டு ஒன்றை மட்டும் அகலமாக்க முடியாது. ஆகவே வெட்டை நகர்த்த வேண்டுமானால் முழுப் படத்தையே இடமோ வலமோ சற்று நகர்த்தி மறுபடி வெட்ட வேண்டும். இதற்காக எடுக்கும்போதே இரு ஓரத்திலும் கொஞ்சம் மிச்சம் விடுவது பழக்கமாக வேண்டும்.

முதல் ஸ்லைட்டுக்கு இன்னொரு பொறுப்பும் உண்டு. பலர் பார்ப்பது அதை மட்டும்தான். வெறும் நீரும் கண்டல் நிழலும் உள்ள இடது முனை அங்கே வந்து விழுந்தால் பதிவு அங்கேயே செத்துவிடும். காட்சியின் வலிமை வலது முனையில் இருந்தால் துண்டாக்கும் எண்ணத்தையே மறுபரிசீலனை செய்யலாம். படத்தைக் கண்ணாடிபோல் திருப்பிப் போடுவது ஊரறிந்த பாலத்துக்கு ஆகாது. ஓட்டமாவடியார் முதல் பார்வையிலேயே பிடித்துவிடுவார்கள். ஒருவர் தள்ளாமல் கடந்து போன பதிவை இன்ஸ்டகிராம் இன்னொரு நேரம் இரண்டாவது ஸ்லைட்டிலிருந்து காட்டுவதும் உண்டு. எனவே இரண்டாவதும் தனியாக நிற்கக்கூடியதாக இருக்க வேண்டும்.

வெட்டும் வேலையைக் கணினியில் செய்வது கைபேசியைவிடத் திடமானது. இலவசமாகக் கிடைக்கும் கிம்ப் மென்பொருளில் 1080, 2160 ஆகிய இடங்களில் வழிக்கோடுகள் வைத்து, அவற்றின்படி துண்டாக்கச் சொன்னால் ஒரே கட்டளையில் வேலை முடியும். கேன்வாவில் 1080க்கு 1350 அளவில் மூன்று பக்கம் திறந்து, மூன்றிலும் அதே படத்தை வைத்து, அடுத்தடுத்த பக்கத்தில் முந்தியதைவிட 1080 பிக்சல் இடப்பக்கம் தள்ளினால் அதே பலன். இதற்கென்றே கைபேசியில் பல அப்கள் உள்ளன. இலவசமானவற்றில் சில தம் முத்திரையைப் படத்தில் பதித்துவிடும். மோசமான வழி, கைபேசி எடிட்டரில் கண்மதிப்பில் மூன்று தடவை வெட்டுவது. மூன்று நான்கு பிக்சல் பிசகினாலும் பாலத்தின் கைப்பிடிக் கோடு வெட்டில் படிபோல் ஏறியிறங்கும். தள்ளும் விரலுக்கு அது தடக்கென்று தெரியும்.

நிறமும் ஒளியும் திருத்துவது வெட்டுவதற்கு முன்னரே முடிய வேண்டும். துண்டுகளுக்குத் தனித்தனியே தானியங்கித் திருத்தம் கொடுத்தால் ஒவ்வொன்றும் ஒவ்வொரு நிறமாகும். ஓரங்களை இருட்டாக்கும் பில்டர்கள் இன்னும் கெடுதல்: ஒவ்வொரு துண்டின் ஓரமும் இருண்டு, ஒட்டிவர வேண்டிய இடத்தில் கறுப்புக் கோடு விழும்.

முகப்புக் கட்டங்களில் பரப்பும் முறை ஒரு காலத்தில் பெரிய மோகமாக இருந்தது. மூன்று பதிவுகள் ஒரு வரிசை. வலது துண்டை முதலில், இடது துண்டைக் கடைசியாக இட வேண்டும். பக்கத்துக்கு வந்து பார்ப்பவருக்கு அது பிரமாதமாக இருக்கும். ஆனால் பின்தொடர்பவர் பக்கத்துக்கு வருவதில்லை. அவருக்கு ஒரு நாளில் பாலத்தின் ஒரு கால், இன்னொரு நேரம் வெறும் தண்ணீர் என்று பொருளற்ற மூன்று பதிவுகள் போய்ச் சேரும். அடுத்து ஒரேயொரு பதிவு இட்டாலும் வரிசை ஒரு கட்டம் நகர்ந்து பாலம் உடைந்துவிடும். 2025 ஜனவரியில் இன்ஸ்டகிராம் முகப்புக் கட்டங்களைச் சதுரத்திலிருந்து 3:4க்கு மாற்றியபோது, பழைய சதுரத் துண்டுகளின் இரு ஓரமும் எட்டில் ஒரு பங்கு மறைந்து, கவனமாக ஒட்டியவை எல்லாம் இடைவெளி விட்டன. கடை திறப்பு, கண்காட்சி போல ஒரு குறித்த காலத்துக்கு மட்டும் முகப்பை அலங்கரிக்க விரும்புவோர் தவிர மற்றவர்கள் இதைத் தவிர்க்கலாம்.

பேஸ்புக்கில் ஒரு பதிவின் பல படங்கள் பக்கம் பக்கமாக ஒட்டிவராமல் சிறு கட்டங்களாக அடுக்கப்படும். துண்டாக்கிய பாலம் அங்கே நொறுங்கிய பாலம்தான். முழுப் படத்தையே இட வேண்டும். ஊர்ச் செய்தி பகிரும் பக்கங்கள் பெரும்பாலும் பேஸ்புக்கில் இயங்குவதால் ஓட்டமாவடியில் இது சிறிய விடயமல்ல. வட்ஸ்அப் ஸ்டேட்டஸிலும் துண்டுகள் ஒட்டுவதில்லை, ஒன்று மறைந்து மற்றது தோன்றும். டிக்டொக்கில் படங்களை ஸ்லைட்களாக இட முடியும், ஆனால் அங்கே ஆளும் வடிவம் 9:16. அகலப் படத்தை அதில் நிறைக்க இன்னும் அதிகத் துண்டுகள் வேண்டும். அங்கு நகரும் வீடியோவே பொருந்தும். 1920 பிக்சல் உயரமுள்ள முழுப் படத்தின் மேல் ஒரு சாளரம் இடமிருந்து வலமாகப் பத்து விநாடி அளவில் நகர்ந்தால் பாலத்தைக் கடந்த உணர்வு வரும். அதன் குறை, பார்ப்பவர் விரும்பிய இடத்தில் நின்று பார்க்க முடியாது.

மனிதர்கள் நிரம்பிய படத்துக்குக் கணக்கு வேறு. பாடசாலை ஆண்டுவிழாவில் மாணவர்கள் நீண்ட வரிசையாக நிற்கும் குழுப்படத்தைத் துண்டாக்குவது தொழில்நுட்ப ரீதியில் எளிது, இருவருக்கு இடையில் வெட்டினால் போதும். ஆயினும் மூன்றாவது ஸ்லைட்டில் போய் நிற்கும் பிள்ளையின் பெற்றோர் தம் பிள்ளை படத்தில் இல்லை என்றே முதலில் நினைப்பார்கள். இங்கே முழுப் படம் முதலில், துண்டுகள் பிறகு என்று மேலே சொன்ன ஒழுங்கைத் தலைகீழாக்குவதே சரி. தொடர்ச்சி தேவைப்படாத காட்சிகளில், வாழைச்சேனைத் துறைமுகத்தின் காலை மீன்விற்பனை போன்றவற்றில், அகலப் படத்தைப் பிடித்துத் தொங்காமல் தராசு, கூடை, பேரம் பேசும் முகம் என்று தனித்தனிச் சட்டங்கள் வெட்டுவது மேல். ஒவ்வொன்றும் தன் காலில் நிற்கும்.

வெட்டிய துண்டுகளை வட்ஸ்அப் வழியாகக் கைபேசிக்கு அனுப்பும்போது சாதாரணப் படமாக அனுப்பினால் அது மறுபடி சுருக்கிவிடும். டொக்கியூமென்டாக அனுப்பினால் பிக்சல் மாறாமல் போய்ச் சேரும். கோப்புகளுக்கு 01, 02, 03 என்று பெயர் வைத்தால் பதிவேற்றும்போது வரிசை குழம்பாது. வெட்டாத முழுக் கோப்பைத் தனியே சேமித்துவைக்க வேண்டும். முகப்புக் கட்டத்தின் விகிதம் இன்னொரு தடவை மாறினால் புதிய அளவுக்கு மறுபடி வெட்ட அது ஒன்றுதான் உதவும்.