மானியம் யார் கைக்குப் போனது?
ஓர் அமெரிக்கப் பருத்திக் கவுண்டி தரும் பாடம்

அரசு மானியம் அறிவித்தால், பாடுபடும் விவசாயியின் கைக்கே அது வந்து சேரும் என்று நம்புகிறோம். ஆனால் பணம் யார் பெயரில், எந்த வழியாக வருகிறது என்பதைப் பொறுத்தே பலன் அமைகிறது. அமெரிக்காவில் ஆர்க்கன்சா மாநிலத்தின் பாயின்செட் கவுண்டி இதற்கு நல்ல உதாரணம். கவுண்டி என்பது நம் மாவட்டம் போன்ற ஓர் ஆட்சிப் பிரிவு.

திட்டம் வந்த காரணம்

1930-களின் தொடக்கத்தில் அங்கே பருத்தி விலை பவுண்டுக்கு (சுமார் 454 கிராம்) 6 சென்ட் அளவுக்குச் சரிந்தது. பரப்பைக் குறைத்தால் விலை ஏறும் என்று கருதிய அரசு, 1933 மே மாதத்தில் வேளாண்மைச் சீரமைப்புச் சட்டத்தைக் கொண்டு வந்தது. அவ்வாண்டே சுமார் 1 கோடி ஏக்கரில் நின்ற பருத்திப் பயிர் மடக்கி உழப்பட்டது. ரொக்கமாக மட்டும் பெற்றவர்களுக்கு ஏக்கருக்கு 7 முதல் 20 டாலர் வரை ஈடு கிடைத்தது.

பங்கீட்டில் வந்த கோளாறு

அடுத்து வந்த 1934-35 ஒப்பந்தத்தில், தரிசாக விட்ட நிலத்துக்குப் பவுண்டுக்கு 3½ சென்ட் வாடகை உண்டு. அது முழுவதும் நில உரிமையாளருக்கு. இத்துடன் தரப்பட்ட 1 சென்ட்டில்தான் வாரத்துக்கு உழுதவருக்குப் பாதி. ஆக, உரிமையாளருக்கு 4 சென்ட். வாரக்குடிக்கு அரை சென்ட். ஒன்பது பங்கில் எட்டு ஒருவருக்கே போயிற்று! அந்த அரை சென்ட்டும் உரிமையாளர் வழியாகவே வந்ததால், கடைக் கடனுக்கென்று பிடித்துக்கொண்டவர்களும் உண்டு.

பரப்பு குறையவே ஆள் தேவையும் குறைந்தது. குடிகளின் எண்ணிக்கையை 'இயன்றவரை' குறைக்கக் கூடாது என்றுதான் ஒப்பந்தம் கூறியது. அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு பலரை வெளியேற்றினார்கள். முறையீட்டை விசாரித்த உள்ளூர்க் குழுக்களிலோ நிலக்காரர்களின் கையே ஓங்கியிருந்தது.

சங்கம் பிறந்தது

1934 ஜூலையில் பாயின்செட் கவுண்டியின் டைரன்சா ஊர் அருகே, கறுப்பரும் வெள்ளையரும் ஒன்றாகக் கூடித் தெற்கத்திய குத்தகை விவசாயிகள் சங்கத்தைத் தொடங்கினார்கள். அக்காலத்தில் அது துணிச்சலான காரியம். 1935 பிப்ரவரியில், குடிகளுக்குச் சாதகமாக ஒப்பந்தத்துக்குப் பொருள் கூறிய அரசு வழக்கறிஞர்கள் சிலர் பதவி இழந்தார்கள். 1936 ஜனவரியில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டம் செல்லாது என்று தீர்ப்பளித்தது.

இன்றைய முறை வேறு. ரொக்கக் குத்தகையில் பயிர் செய்பவருக்கே உதவித்தொகை சேரும். வாரச் சாகுபடியில், பயிரின் நட்டத்தை இருவரும் ஏற்பதால், அந்த விகிதப்படி இருவருக்கும் பிரியும். கவுண்டிக் குழுவின் உறுப்பினர்களையும் விவசாயிகளே வாக்களித்துத் தேர்ந்தெடுக்கிறார்கள்.

நாம் கவனிக்க வேண்டியவை

1. மானியம் என்றதும் தொகையை மட்டும் கேளாதீர்கள். யார் பெயருக்கு வருகிறது என்றும் கேளுங்கள்.

2. குத்தகையோ வாரமோ, பேச்சோடு விடாமல் எழுத்தில் வையுங்கள். மானியத்தில் யாருக்கு எவ்வளவு என்பதையும் அதிலேயே குறியுங்கள்.

3. 'இயன்றவரை', 'கூடுமானவரை' போன்ற சொற்கள் இருந்தால், கையெழுத்திடும் முன் விளக்கம் கேளுங்கள்.

4. தனியாக முறையிடுவதைவிட நாலு பேர் சேர்ந்து முறையிடுவது நல்லது.

மடை எங்கே திறக்கிறதோ அங்கேதான் தண்ணீர் பாயும். மானியமும் அப்படியே.