விளைபொருளை நேரில் விற்றலும் அதன் லாபக் கணக்கும்

நுகர்வோர் தக்காளிக்குக் கொடுக்கும் ஒவ்வொரு ரூபாயிலும் விவசாயிக்குச் சேர்வது சுமார் 33 காசு. வெங்காயத்தில் 36 காசு. உருளைக்கிழங்கில் 37 காசு. இந்திய ரிசர்வ் வங்கி 2024-ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வுகள் இவ்வாறு கூறுகின்றன. எஞ்சிய தொகை முழுவதும் தரகரின் லாபமன்று. வண்டி வாடகை, ஏற்றுகூலி, அழுகல், விற்பனைக்கு அமரும் ஆளின் கூலி ஆகியனவும் அதில் அடங்கும். நேரில் விற்கப் புகும் குடியானவர் இச்செலவுகளையும் தாமே ஏற்கிறார் என்பதை முதற்கண் உணர்தல் வேண்டும்.

உழவர் சந்தை

பஞ்சாபில் 1987-ஆம் ஆண்டில் தொடங்கிய அப்னி மண்டியையும், ஆந்திரத்தில் 1999 ஜனவரியில் தொடங்கிய ரைத்து பஜாரையும் அடுத்து, தமிழ்நாட்டின் முதல் உழவர் சந்தை 1999 நவம்பர் 14-ஆம் தேதி மதுரையில் திறக்கப்பட்டது. திருவள்ளூர் ஜில்லாவில் திருவள்ளூர், திருத்தணி முதலிய ஊர்களில் இச்சந்தைகள் உள்ளன. இங்குக் கமிஷன் கிடையாது. விலையானது மொத்த விலைக்கு மேலாகவும் சில்லறை விலைக்குக் கீழாகவும் அமைக்கப்படுகிறது. அடையாள அட்டை பெற்ற விவசாயிகளே விற்கலாம். அட்டைக்கு நிலமும் பயிரும் சரிபார்க்கப்படுவதால், கிராம அலுவலர்கள் அடங்கலில் பயிரை உள்ளவாறு பதிதல் அவசியம். அதில் பிழை நேரின் உழுதவர் வெளியே நிற்பார். வியாபாரி உள்ளே அமர்வார்.

கணக்கு

உதாரணமாக, 60 கிலோ கத்தரிக்காய் கிலோ 20 ரூபாய் வீதம் மொத்தக் கடையில் 1,200 ரூபாய் பெறும். நூற்றுக்குப் பத்து கமிஷன் போக 1,080 ரூபாய் கைக்கு வரும். அதனையே நேரில் 24 ரூபாய் வீதம் விற்றால் 1,440 ரூபாய். அதிகம் கிடைப்பது 360 ரூபாய். காலை முழுதும் அமர்பவரின் கூலி 300 ரூபாயெனக் கொண்டால் மிச்சம் 60 ரூபாயே. பத்துக் கிலோ விலைபோகாது நின்றால் 180 ரூபாய் நஷ்டம். ஆனால் அதே ஆள் 120 கிலோ விற்பாராயின், கூலி போக 420 ரூபாய் மிஞ்சும். ஆகவே ஒரே காய்கறியை ஒருசேரப் பயிரிடாமல், கத்தரி, வெண்டை, கீரை என இரண்டு வார இடைவெளியில் மாற்றி விதைத்து, தினமும் போதிய சரக்குடன் செல்லுதல் நன்று.

பக்குவம் செய்த பொருள்கள்

காய்கறி மறுநாள் வாடும்; நன்கு உலர்ந்த நிலக்கடலை காத்திருக்கும். 100 கிலோ காயில் சுமார் 70 கிலோ பருப்புக் கிட்டும். அதனைச் செக்கிலாட்டி எண்ணெயாகவோ, வெல்லப்பாகு சேர்த்துக் கடலை மிட்டாயாகவோ விற்கலாம். பிண்ணாக்கு மாட்டுக்கு உதவும். கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையில் ஆலையாட்கள் மாறும் வேளைகளில் அவித்த கடலையும் வறுத்த கடலையும் வேண்டுவோர் உண்டு. முதலில் சிறிதளவே செய்து, எவ்வளவு செலவாகிறதென்று ஒரு வாரம் குறித்த பின்னரே பெருக்குதல் வேண்டும்.

பூஞ்சை பிடித்த கடலையில் ஈரலைக் கெடுக்கும் அஃப்லடாக்சின் என்னும் நஞ்சு உண்டாகிறது. வறுத்தாலும் அது முற்றும் நீங்காது. ஆதலின் காய்களை ஈரம் நூற்றுக்கு எட்டுக்குக் குறையும்வரை உலர்த்தி, சுருங்கியனவும் நிறம் மாறியனவும் பொறுக்கி எறிதல் கட்டாயம். 2006-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்புச் சட்டப்படி சிறு உணவு வியாபாரியும் பதிவு செய்துகொள்ள வேண்டும்.

விற்ற தொகையை மட்டும் எண்ணுபவர் லாபமென்று மயங்குவர். வாடகை, விறகு, வெல்லம், கழிவு, வீட்டாரின் உழைப்பு ஆகிய அனைத்தையும் அன்றன்று ஒரு நோட்டில் எழுதி, அறுவடை முடிவில் மொத்தக் கடை விலையுடன் ஒப்பிடுக. நேர் விற்பனையைத் தொடர்வதா விடுவதா என்பதை அக்கணக்கே காட்டும்.