துளையா, வரிப்பள்ளமா, வெறும் தட்டா?

குற்றாலத்தில் சாரல் தொடங்கிவிட்டால் தென்காசிச் சாலைகளில் வெளியூர்க் கார்களுக்குக் குறைவிருக்காது. அருவியில் குளித்துவிட்டுச் செங்கோட்டை, புளியரை வழியாக மலையேறிக் கேரளத்திற்குப் போகிறவர்களும் உண்டு. நின்றிருக்கும் காரின் முன்சக்கரத்தைச் சற்றுக் குனிந்து பாருங்கள். உள்ளே இரும்புத் தட்டு ஒன்று தெரியும். அதுதான் பிரேக் டிஸ்க். பெரும்பாலான கார்களில் அது வழவழப்பாக இருக்கும். சிலவற்றில் துளைகள், சிலவற்றில் வளைந்த வரிப்பள்ளங்கள்.

"துளைபோட்ட டிஸ்க் மாட்டினால் கார் சட்டென்று நிற்குமாமே, சார்?" என்று மாணவர் ஒருவர் கேட்டார். அவருடைய அண்ணன் அதற்கெனப் பணமும் சேர்த்துவிட்டாராம். கணக்குப் போட்டுப் பார்ப்போம் என்றேன்.

1000 கிலோகிராம் நிறையுள்ள கார் மணிக்கு 72 கி.மீ., அதாவது வினாடிக்கு 20 மீட்டர் வேகத்தில் செல்கிறது. அதன் இயக்க ஆற்றல் 2 லட்சம் ஜூல். பிரேக் போட்டதும் இது முழுவதும் வெப்பமாக மாறியாக வேண்டும். வண்டியின் பாரம் முன்பக்கம் சாய்வதால், சுமார் 70 விழுக்காடு வேலையை முன்சக்கரங்களே செய்வதாகக் கொள்வோம். ஒரு முன் டிஸ்க்கின் பங்கு 70,000 ஜூல். டிஸ்க்கின் நிறை 5 கிலோகிராம், வார்ப்பிரும்பின் தன்வெப்பம் 460 என்றால் வெப்பநிலை சுமார் 30 டிகிரி உயரும். இது ஒன்றும் பெரிதல்ல.

மலை இறக்கத்தில்தான் சங்கடம். அதே கார் 200 மீட்டர் உயரத்திலிருந்து பிரேக்கை மட்டும் நம்பி இறங்கினால், ஏறத்தாழ 20 லட்சம் ஜூல் நிலை ஆற்றல் வெப்பமாகிறது. பத்து முறை அடுத்தடுத்து நிறுத்தியதற்குச் சமம்! காற்று ஓரளவு குளிர்வித்தாலும் டிஸ்க் கடுமையாகச் சூடேறும்.

துளைகள் தோன்றிய காரணம் இங்கேதான் இருக்கிறது. அக்காலப் பிரேக் பேட்களில் இருந்த பிசின், மிகச் சூடானால் வாயுவை வெளிவிடும். அவ்வாயு டிஸ்க்குக்கும் பேடுக்கும் இடையே படலமாக நின்று உராய்வைக் குறைக்கும். துளை அதற்கு வழிவிட்டது. இன்றைய பேட்களில் இத்தொல்லை மிகக் குறைவு. மழைநீர்ப் படலத்தைத் துளையும் பள்ளமும் விரைவில் வழித்துவிடும் என்பது உண்மையே. ஆனால் வெறும் டிஸ்க்கிலும் பேட் இரண்டொரு சுற்றில் அதைத் துடைத்துவிடுகிறது.

இதற்குக் கொடுக்கும் விலை என்ன? துளையிட்டால் இரும்பு குறைகிறது. அதே வெப்பத்திற்கு டிஸ்க் கூடுதலாகச் சூடேறும். சூடேறி ஆறும் ஒவ்வொரு முறையும் தகைவு துளையின் விளிம்பில் குவிகிறது. விரிசல் அங்கேதான் பிறக்கும். வரிப்பள்ளத்தில் இந்த அபாயம் குறைவு. பேடின் மேற்பரப்பைச் சுரண்டித் தூசியையும் அது அகற்றும். ஆனால் பேட் சீக்கிரம் தேயும், சற்று இரைச்சலும் எழும்.

சரி, கார் சட்டென்று நிற்குமா? நிற்காது. சக்கரத்தைப் பூட்டும் அளவுக்கு விசை வெறும் டிஸ்க்கிலேயே இருக்கிறது. அதற்குமேல் காரை நிறுத்துவது டயருக்கும் சாலைக்கும் இடையிலுள்ள உராய்வுதான். உலர்ந்த சாலையில் உராய்வுக் கெழு 0.7 எனில் மேற்சொன்ன கார் 29 மீட்டரில் நிற்கும். சாரலில் நனைந்த சாலையில் அது 0.4 ஆகக் குறைந்தால் 51 மீட்டர் ஓடும். எந்தத் துளையும் இந்த 22 மீட்டரை மீட்டுத் தராது.

இன்னொன்று, பலரும் மறப்பது: பிரேக் எண்ணெய். டாட் 3 வகை எண்ணெய் புதிதாக இருக்கையில் குறைந்தது 205 டிகிரி செல்சியஸில்தான் கொதிக்க வேண்டும் என்பது விதி. அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். ஈரமேறிய எண்ணெய் 140 டிகிரியிலேயே கொதித்துவிடலாம். கொதித்தால் குழாயில் ஆவிக்குமிழ்கள். திரவம் அமுங்காது, ஆவி அமுங்கும். பெடல் பஞ்சுபோல் உள்ளே போகும், கார் நிற்காது.

ஆகவே அண்ணனிடம் சொல்லச் சொன்னது இதுதான்: வெறும் டிஸ்க்கே போதும். அந்தப் பணத்தில் நல்ல டயர் வாங்கலாம், பிரேக் எண்ணெயை மாற்றலாம். இறக்கத்தில் நியூட்ரலில் விடாமல் இரண்டாம் கியரில் இறங்கினால் வெப்பத்தில் ஒரு பங்கை எஞ்சினே ஏற்றுக்கொள்ளும்.

மாணவர் விடவில்லை. "அப்படியானால் மோட்டார் சைக்கிள் டிஸ்க்கில் மட்டும் ஏன் சார் துளை?" நல்ல கேள்வி. அந்த டிஸ்க் மெல்லியது. பெரும்பாலும் துருப்பிடிக்காத எஃகால் ஆனது. மழையில் மறைப்பின்றி நனைவது. நிறுத்த வேண்டிய நிறையோ காரில் ஐந்தில் ஒரு பங்குதான். அங்கே கணக்கே வேறு. நிறையை 200 கிலோகிராம் எனக் கொண்டு நீங்களே போட்டுப் பாருங்கள்.