செல்போனில் தெரிந்த வெள்ளைப் புள்ளிகள்

கேள்வி: டாக்டர், அப்பாவுக்கு மூன்று வாரமாக இருமல். நெஞ்சு எக்ஸ்ரே எடுத்தோம். ரிப்போர்ட்டில் நார்மல் என்று வந்தது. மனசு கேட்காமல் ஃபிலிமை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து செல்போனில் படம் எடுத்தேன். மங்கலாக இருந்ததால் காண்ட்ராஸ்ட்டைக் கூட்டினேன். வலது பக்கம் வெள்ளைப் புள்ளிகள் தெரிகின்றன. ஸ்கேன் சென்டரிலும் கம்ப்யூட்டரில் இப்படிக் கூட்டித்தானே பார்க்கிறார்கள்? எதை நம்புவது?
- ஒரு வாசகி, தென்காசி

பதில்: பதறாதீர்கள், அம்மா. ஃபிலிமைப் பார்க்காமல் அந்தப் புள்ளிகள் என்னவென்று நான் சொல்லக்கூடாது. ஆனால் காண்ட்ராஸ்ட்டைக் கூட்டும்போது என்ன நடக்கிறது என்று சொல்கிறேன்.

படத்தில் ஏற்கெனவே இருக்கிற வித்தியாசம் பெரிதாகிறது, அவ்வளவுதான். நோயின் நிழல் பெரிதாகும். ஃபிலிமில் ஒட்டிய தூசி, விரல் ரேகை, குறைந்த வெளிச்சத்தில் செல்போன் போடும் பொரிப்பொரியான புள்ளிகள் எல்லாமும் கூடவே பெரிதாகும். எது நோய், எது தூசி என்று ஆப்புக்குத் தெரியாது.

நாங்களும் கூட்டித்தான் பார்க்கிறோம். ஆனால் எங்கள் கையில் இருப்பது மெஷின் அளந்த எண்கள். சி.டி. ஸ்கேனை வைத்துச் சொன்னால் எளிதாகப் புரியும். அதில் தண்ணீருக்கு 0, காற்றுக்கு -1000, கெட்டியான எலும்புக்கு 1000 வரையும் அதற்கு மேலும் போகும். அந்த மெஷினை உருவாக்கிய ஹவுன்ஸ்ஃபீல்டின் பெயரில்தான் இந்த அளவு வழங்குகிறது. பொதுவாக 4096 படிகள். சாதாரணத் திரை காட்டுவதோ 256 சாம்பல் நிறங்கள். எல்லாவற்றையும் ஒன்றாக அடைத்தால் 16 எண்களுக்கு ஒரே நிறம். மூளையின் சாம்பல் பகுதிக்கும் வெள்ளைப் பகுதிக்கும் வித்தியாசமே ஏறத்தாழ 10 எண்தான். அது கண்ணுக்கே தெரியாமல் போய்விடும். அதனால் மூளைக்கு 0 முதல் 80 வரை மட்டும் எடுத்து, அதற்கே 256 நிறங்களையும் கொடுப்போம். இதை ‘விண்டோ’ என்கிறோம். அப்போது எலும்பு முழுவதும் ஒரே வெள்ளையாகிவிடும். மண்டையோட்டில் விரிசல் இருந்தால் அதில் தெரியாது. ஆகவே எலும்பு விண்டோவில் மறுபடி ஒருமுறை பார்ப்போம். ஒன்றைத் தெளிவாக்கினால் இன்னொன்று மறையும் என்பதை மறந்துவிட்டால் ஆபத்து. (‘காண்ட்ராஸ்ட் ஸ்கேன்’ என்று எழுதித் தருவது வேறு. அது அயோடின் கலந்த மருந்தை நரம்பில் ஏற்றி, ரத்தம் பாயும் இடங்களின் எண்ணையே உயர்த்துவது.)

இன்னொரு முறையும் உண்டு. பஸ்ஸில் எல்லோரும் படிக்கட்டுப் பக்கமே நெருக்கியடித்து நின்றால் கண்டக்டர் ‘உள்ளே போங்க’ என்று பரப்பிவிடுவார் அல்லவா? அப்படி, ஒரே சாம்பல் நிறத்தைச் சுற்றி நெருங்கிக் கிடக்கும் புள்ளிகளைக் கருப்பு முதல் வெள்ளை வரை கம்ப்யூட்டர் பரப்பிவிடும். படத்தைச் சிறு சிறு கட்டங்களாகப் பிரித்தும் இதைச் செய்யலாம்; மங்கிய மூலைகூடத் துலங்கும். ஆனால் ஒன்றுமே இல்லாத கட்டத்திலும் கம்ப்யூட்டர் வித்தியாசத்தைத் தேடும், பொரிப்புள்ளிகளை ஊதிப் பெருக்கிவிடும். அதற்காகவே இவ்வளவுக்கு மேல் கூட்டாதே என்று வரம்பு போடும் முறையை, அமெரிக்காவில் வட கரோலினாவின் ஸ்டீபன் பைசர் குழுவினர் 1987இல் எழுதினார்கள். உங்கள் ஆப் அப்படி வரம்பு வைத்ததா என்று பார்க்க நமக்கு வழியில்லை. விளிம்பைக் கூர்மையாக்கும் வசதி இன்னும் மோசம். வெள்ளைக் கோட்டை ஒட்டி இல்லாத கருப்புக் கோட்டை வரைந்துவிடும். செயற்கை மூட்டு வைத்தவரின் படத்தில் அதைப் பார்த்தால், மூட்டு தளர்ந்துவிட்டதோ என்று டாக்டரே ஒரு கணம் தயங்குவார்.

எக்ஸ்ரே எடுத்த இடத்தில், மூலப் படம் இருக்கும் ‘டைகாம்’ ஃபைலை டிஸ்க்கிலோ பென் டிரைவிலோ கேட்டு வாங்குங்கள். வாட்ஸ்அப்பில் வாங்காதீர்கள், அது படத்தைச் சுருக்கிவிடும். உங்களுக்குப் புள்ளி தெரிந்த இடத்தைச் சொல்லி, மூலப் படத்தில் அந்த இடத்தை இன்னொருமுறை பார்க்கச் சொல்லுங்கள். அப்படிக் கேட்பதில் தவறே இல்லை.

எக்ஸ்ரே நார்மல் என்றாலும் மூன்று வார இருமலை விடக்கூடாது. அப்பாவை நாளையே அரசு மருத்துவமனைக்கு அழைத்துப்போய் சளிப் பரிசோதனை செய்யுங்கள். காசநோய்க்கான அந்தப் பரிசோதனை அங்கே இலவசம்.