தெருவிளக்கின் நிறம்

அன்புள்ள கயல்,

உங்கள் தெருவில் சோடியம் விளக்குகளைக் கழற்றிவிட்டு எல்.இ.டி. போட்டதில் ராத்திரியும் பகல்போல் இருக்கிறது என்று மகிழ்ந்து எழுதியிருந்தாய். மின்சாரம் மிச்சமாவதில் எனக்கும் மகிழ்ச்சிதான். ஆனால் அந்த வெள்ளை நிறத்தைப் பற்றி உன்னிடம் பேசியே ஆக வேண்டும்.

எல்.இ.டி.க்குள் இருக்கும் சில்லு உமிழ்வது நீல ஒளி. அதன்மேல் பூசிய பாஸ்பர் அந்த நீலத்தில் ஒரு பங்கை மஞ்சளாக்குகிறது. இரண்டும் கலந்து வெள்ளையாகத் தெரிகிறது. பூச்சை மாற்றினால் நிறமும் மாறும். விளக்குப் பெட்டியில் 2700 கெல்வின் என்றிருந்தால் மஞ்சள் சாயல், 6500 என்றிருந்தால் நீலம் தூக்கலான வெள்ளை.

பகல் வானம் ஏன் நீலம் என்று படித்திருப்பாய். காற்று குறுகிய அலைநீள ஒளியைத்தான் அதிகம் சிதறடிக்கும். 450 நானோமீட்டர் நீலம், 589 நானோமீட்டர் சோடியம் மஞ்சளைப் போல ஏறக்குறைய 3 மடங்கு சிதறுகிறது. மேல்நோக்கிப் போகும் அந்த ஒளிதான் ஊர் வானத்தை வெளுக்கச் செய்து நட்சத்திரங்களை மறைக்கிறது.

சென்னைக் கடற்கரைக்கு வா. பங்குனி ஆமைகள் முட்டையிடும் கரை அது. குஞ்சுகள் பெரும்பாலும் இரவில்தான் மணலைவிட்டு வெளியே வரும். தாய் பக்கத்தில் இருக்காது, வழிகாட்ட ஆளில்லை. வெளிச்சம் அதிகமாகத் தெரியும் தாழ்ந்த அடிவானத்தை நோக்கி ஓடுவது அவற்றின் இயல்பு. விளக்குகள் வரும்வரை அந்தத் திசையில் கடல்தான் இருந்தது. இன்று சாலை இருக்கிறது. நீலமும் வெள்ளையும் அவற்றை வலுவாக இழுக்கின்றன. ஆழ்ந்த மஞ்சளும் சிவப்பும் அவ்வளவு இழுப்பதில்லை. இந்தக் குஞ்சுகள் கடல் சேரவே 1988 முதல் மாணவர்களும் தன்னார்வலர்களும் இரவில் கரையோரம் நடந்து முட்டைகளைச் சேகரித்துப் பொரிப்பகத்தில் காக்கிறார்கள். அவர்களை நான் மனமார மதிக்கிறேன்.

இருட்டுத் தெருவில் நான் எப்படி நடப்பேன் என்று நீ கேட்கலாம். நியாயமான கேள்வி. வெளிச்சம் வேண்டும், ஆனால் அது தரையில் விழ வேண்டும். கண்ணில் நேராக அடிக்கும் விளக்கு, கம்பத்துக்குப் பின்னால் நிற்பவரை உனக்குக் காட்டாது. மேலே மூடி போட்ட இளமஞ்சள் எல்.இ.டி. பாதையையும் காட்டும், கண்ணையும் கூசச் செய்யாது.

அமெரிக்காவில் ஃபிளாக்ஸ்டாஃப் என்றொரு ஊர். அங்குள்ள லோவெல் வானாய்வகத்தில்தான் 1930இல் புளூட்டோவைக் கண்டுபிடித்தார்கள். வானத்தைக் காக்க 1958இலேயே விளம்பரத் தேடொளி விளக்குகளுக்கு அங்கே தடை வந்தது. ஊர் இருளில் மூழ்கிவிடவில்லை. மஞ்சள் ஒளியில் நன்றாகவே வாழ்கிறது. நம் ஜவ்வாது மலைக் காவலூரிலும் 2.34 மீட்டர் தொலைநோக்கி இருக்கிறது. சுற்றுப்புற ஊர்கள் இதே அக்கறையைக் காட்டினால் அதற்கும் நல்லது.

2016இல் அமெரிக்க மருத்துவச் சங்கம் தெருவிளக்குகள் 3000 கெல்வினுக்கு மேல் போகக் கூடாது என்று பரிந்துரைத்தது. உன் வீட்டு மாடிக்கு விளக்கு வாங்கும்போது பெட்டியில் அந்த எண்ணைப் பார்த்து வாங்கு. தோழிகளோடு சேர்ந்து வார்டு கவுன்சிலருக்கு ஒரு மனு எழுது. விளக்கை எடுக்கச் சொல்லாதே. மூடி போட்டு, நிறத்தை மாற்றச் சொல்.

அன்புடன்,
உன் மாமா