ஓய்வூதியரும் இரு நாட்டு வரிக்கணக்கும்

வருமான வரிப் பாடத்தில் வணிகவியல் மாணவர்கள் முதன்முதலாக மனத்தில் பதிய வைத்துக்கொள்ளும் எண் 182. ஓர் ஆண்டில் அத்தனை நாட்கள் இந்தியாவில் தங்கியவர் இந்நாட்டில் வசிப்பவராகக் கருதப்படுகிறார். அவர் எந்த நாட்டுக் குடிமகன் என்பதை நம் சட்டம் பெரும்பாலும் பொருட்படுத்துவதில்லை. உலக நாடுகள் மிகப் பலவற்றின் வரிச்சட்டங்கள் இந்த வசிப்பு என்னும் அடிப்படையிலேயே நிற்கின்றன.

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் சட்டம் மட்டும் வேறு வழியில் செல்கிறது. அமெரிக்கக் குடிமகன் உலகின் எந்த மூலையில் வாழ்ந்தாலும், எந்த நாட்டில் வருவாய் ஈட்டினாலும், ஆண்டுதோறும் தன் நாட்டுக்குக் கணக்குக் காட்ட வேண்டும். இவ்வழக்கம் 1860களில், உள்நாட்டுப் போர்க்காலத்தில் தோன்றியது. மெக்சிகோ நகரில் நிலையாகக் குடியிருந்த குக் என்னும் அமெரிக்கர், மெக்சிகோவிலுள்ள என் சொத்தின் வருவாய்க்கு அமெரிக்கா எப்படி வரி கேட்கலாம் என்று வழக்குத் தொடுத்தார். 1924இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அவருக்கு எதிராகவே தீர்ப்பளித்தது. குடியுரிமையின் பாதுகாப்பு எங்கும் தொடர்ந்து வருவதால் வரியும் தொடர்ந்து வரலாம் என்பது அத்தீர்ப்பின் சாரம். இம்முறையைக் கைக்கொள்ளும் மற்றொரு நாடு ஆப்பிரிக்காவின் எரித்திரியா.

பணி ஓய்வு பெற்றபின் செலவு குறைந்த நாட்டில் குடியேறும் அமெரிக்கர்கள் பலர். அவர்கள் விரும்பிச் செல்லும் இடங்களுள் ஒன்று தாய்லாந்து. அங்கே அவர்களுக்கு இரண்டு அரசுகளின் வரிச்சட்டங்களும் ஒருங்கே பொருந்துகின்றன. இதனை ஒரு கற்பனைக் கணக்கின் வழியே காண்போம். எண்கள் 2024ஆம் ஆண்டுக்கு உரியவை. எளிமை கருதி ஒரு டாலருக்கு 35 பாத் என்று கொள்வோம்.

சியாங்மாய் நகரில் 67 வயதான அமெரிக்கர் ஒருவர் ஆண்டு முழுவதும் வாழ்கிறார். மனைவி தாய்லாந்துப் பெண்மணி, பள்ளி ஆசிரியை, தம் சம்பளத்துக்குத் தாமே தனியே கணக்குக் கொடுப்பவர். நம் முதியவருக்கு அமெரிக்காவில் முன்பு வேலை செய்த நிறுவனத்திடமிருந்து ஆண்டுக்கு 4,50,000 பாத், அதாவது சுமார் 12,850 டாலர், ஓய்வூதியம் வருகிறது. முழுவதையும் தாய்லாந்துக்கு வரவழைத்துச் செலவு செய்கிறார். இதைத் தவிர வேறு வருவாய் இல்லை என்று இப்போதைக்குக் கொள்வோம்.

முதலில் தாய்லாந்தைப் பார்ப்போம். அங்கு ஒரு நாட்காட்டி ஆண்டில் 180 நாட்கள் தங்கினால் வரி நோக்கில் வசிப்பவர். அப்படிப்பட்டவரின் அயல்நாட்டு வருவாய், நாட்டுக்குள் கொண்டுவரப்பட்டால் மட்டுமே வரிக்கு உட்படும். நெடுங்காலமாக இதில் ஓர் இளக்காரம் இருந்தது. ஈட்டிய ஆண்டிலேயே பணத்தைக் கொண்டுவந்தால்தான் வரி. அடுத்த ஆண்டு சனவரியில் கொண்டுவந்தால் வரி இல்லை. பலர் அப்படியே செய்துவந்தனர். 2023 செப்டம்பரில் வரித்துறை ஓர் ஆணையின் மூலம் இந்த வாயிலை அடைத்தது. 2024 சனவரி முதல் தேதிக்குப் பின் ஈட்டிய வருவாயை எந்த ஆண்டு கொண்டுவந்தாலும் வரிக்கணக்கில் சேரும் என்றாயிற்று. அதற்கு முன் சேர்த்த பணத்துக்கு விலக்கு உண்டு. ஆகவே 2023 டிசம்பர் 31ஆம் நாள் தம் அமெரிக்க வங்கிக் கணக்கில் எவ்வளவு இருந்தது என்று காட்டும் ஒரு தாள், பல முதியவர்களுக்கு நிலப்பத்திரம் போன்ற மதிப்புடையதாகி விட்டது.

இனி வரியைக் கணக்கிடுவோம். 4,50,000 பாத்தில் 65 வயது நிறைந்தோர்க்கான விலக்கு 1,90,000 போக மீதி 2,60,000. செலவுக் கழிவு பாதித் தொகை, ஆனால் 1,00,000க்கு மேற்படாமல். அது போக 1,60,000. தனிநபர் கழிவு 60,000 போக மீதி 1,00,000. நிகர வருவாயில் முதல் 1,50,000 பாத்துக்கு வரியே இல்லை. எனவே செலுத்த வேண்டிய வரி சுழி.

இங்கேதான் நம் முதியவர் தவறு செய்யக்கூடும். வரி இல்லையென்றால் படிவம் எதற்கு என்று அவர் எண்ணலாம். படிவம் கொடுக்கும் கடமை இந்தக் கழிவுகளுக்குப் பின் நிற்கும் தொகையைப் பார்த்து எழுவதன்று. சம்பளம், ஓய்வூதியம் போன்ற வருவாய் மட்டும் உடைய தனியர் 1,20,000 பாத்தையும், மணமானவர் 2,20,000 பாத்தையும் தாண்டினாலே படிவம் கொடுத்தாக வேண்டும். கழிவுகளைக் கேட்டுப் பெறும் இடமே அப்படிவந்தான். கடைசி நாள் அடுத்த ஆண்டு மார்ச்சு 31. தவறினால் அபராதம் 2,000 பாத் வரை. பெரிய தொகை அன்று.

அமெரிக்கப் பக்கத்தில் இதே வேறுபாடு இன்னும் கூர்மையாகத் தெரியும். மணமாகாத 65 வயதினர்க்கு 2024இல் படிவ எல்லை 16,550 டாலர். நம்மவர் மணமானவர், மனைவி அமெரிக்கரும் அல்லர், அங்கு வசிப்பவரும் அல்லர். ஆகவே வழக்கமாக அவர் ‘மணமானவர், தனிக்கணக்கு’ என்னும் வகுப்பில் அடங்குவார். அவ்வகுப்பின் எல்லை எவ்வளவு தெரியுமா? வெறும் 5 டாலர்! அச்சுப்பிழை என்று எண்ண வேண்டாம், சட்டமே அப்படித்தான். அவருக்குரிய நிலைக்கழிவு 16,150 டாலர், வருவாயோ 12,850. இங்கும் வரி சுழி, இங்கும் படிவம் கட்டாயம். ஏப்ரல் 15 என்னும் கெடு அயல்நாட்டில் வாழ்வோர்க்குத் தானாகவே ஜூன் 15 வரை நீளும். வரி ஏதும் இருந்தால் அதற்கான வட்டி மட்டும் ஏப்ரலிலிருந்தே ஓடும்.

அயல்நாட்டில் வாழ்வோர்க்கு ஒரு லட்சம் டாலருக்கு மேல் விலக்கு உண்டு என்று கேள்விப்பட்டு, அதை நம்பியிருப்போரும் உளர். அவ்விலக்கு உழைத்து ஈட்டும் ஊதியத்துக்கு உரியது. ஓய்வூதியம், வட்டி, பங்காதாயம் ஆகியவை அதில் சேரா.

அரசின் சமூகப் பாதுகாப்பு ஓய்வூதியமும் வந்தால் என்ன ஆகும்? இரு நாடுகளுக்கும் இடையே 1996இல் கையொப்பமான இரட்டை வரி தவிர்ப்பு ஒப்பந்தப்படி அத்தொகைக்கு அமெரிக்கா மட்டுமே வரி விதிக்கலாம். தாய்லாந்துக்கு அதில் பங்கில்லை. ஆனால் மனைவியுடன் சேர்ந்து வாழ்ந்துகொண்டே தனிக்கணக்குக் கொடுப்பவர்க்கு அத்தொகையில் 85 விழுக்காடு வரை வரிக்குட்பட்ட வருவாயில் சேர்ந்துவிடும். தனியராக இருந்தால் கிடைக்கும் தொடக்கச் சலுகை இவருக்கு இல்லை. நிறுவன ஓய்வூதியம் பெரிதாக இருந்து தாய்லாந்தில் வரி கட்ட நேர்ந்தால், அதை அமெரிக்க வரியில் ஈடுசெய்துகொள்ள வழியுண்டு. அதற்கும் படிவம் வேண்டும்.

இவை எல்லாவற்றினும் ஆபத்தானது வரியோடு சம்பந்தமே இல்லாத ஓர் அறிக்கை. 1970ஆம் ஆண்டின் வங்கி இரகசியச் சட்டத்தின்கீழ், ஓர் அமெரிக்கரின் அயல்நாட்டு வங்கிக் கணக்குகளின் கூட்டுத்தொகை ஆண்டில் ஒரு நாளேனும் 10,000 டாலரைத் தாண்டினால் தனியே அறிக்கை தரவேண்டும். தாய்லாந்தோ, 50 வயது கடந்தோர்க்கான ஓய்வுக்கால அனுமதிக்கு 8,00,000 பாத் அந்நாட்டு வங்கியில் இருப்பதை ஒரு தகுதியாக வைத்திருக்கிறது. மாதம் 65,000 பாத் வருவாய் காட்டுவது மற்றொரு வழி; ஆனால் அதற்குரிய உறுதிச்சான்றை அமெரிக்கத் தூதரகம் 2019 சனவரி முதல் தருவதில்லை. 8,00,000 பாத் என்பது சுமார் 22,850 டாலர். அந்த வைப்புத்தொகையைக் காட்டி அங்கே குடியிருக்க அனுமதி பெறும் ஒவ்வோர் அமெரிக்கரும் அச்செயலாலேயே இந்த அறிக்கைக்குக் கடமைப்பட்டு விடுகிறார். ஒரு நாட்டின் விதிக்குப் பணிவதே இன்னொரு நாட்டின் விதியில் மாட்டிவிடுகிறது!

அறிக்கை தவறினால் என்ன ஆகும் என்பதற்குப் பிட்னர் வழக்கு சான்று. ருமேனியாவில் பிறந்து 1982இல் அமெரிக்காவுக்குப் போய்க் குடியுரிமை பெற்ற அவர், 1990இல் தாயகம் திரும்பித் தொழில் நடத்தினார். இந்த அறிக்கையைப் பற்றி அவர் அறிந்திருக்கவில்லை. ஐந்து ஆண்டுகளுக்கு, கணக்கு ஒன்றுக்கு 10,000 டாலர் வீதம், 272 கணக்குப் பதிவுகளுக்கு 27,20,000 டாலர் தண்டம் விதித்தது அரசு. வேண்டுமென்றே மறைத்தார் என்று எவரும் குற்றம் சாட்டவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். 2023 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம், தண்டம் கணக்குக்கு இத்தனை என்றல்லாமல் அறிக்கைக்கு இத்தனை என்றே கொள்ள வேண்டும் எனத் தீர்ப்பளித்தது. ஐவர் ஒருபுறம், நால்வர் மறுபுறம். தண்டம் 50,000 டாலராகக் குறைந்தது. அறியாமைக்கு அதுவும் கடுமையான விலை என்பதே என் கருத்து.

இதுவரை கணக்குக் கொடுக்காமல் இருந்துவிட்ட முதியவர்க்கு அமெரிக்க வரித்துறை ஒரு வழி வைத்திருக்கிறது. வேண்டுமென்றே தவறாதவர், துறை தன்னை ஆராயத் தொடங்குமுன், கடந்த மூன்று ஆண்டுகளின் வரிப்படிவங்களையும் ஆறு ஆண்டுகளின் வங்கி அறிக்கைகளையும் ஒருசேரக் கொடுத்து, வரியும் வட்டியும் இருந்தால் கட்டிவிடலாம். அயல்நாட்டில் வாழ்பவரென்றால் தண்டம் இல்லை. ஏன் தவறினேன் என்பதைத் தம் சொற்களிலேயே எழுதிக் கையொப்பமிட வேண்டும். பொய்யானால் குற்றம் என்னும் உறுதிமொழியோடு கூடிய அந்தத் தாளைத்தான் வரி ஆலோசகர்கள் மிகுந்த நேரம் செலவிட்டு எழுதுவிக்கின்றனர்.