பாங்காக்கில் முதல் நாள்: ஆற்றோடு போங்கள்

பாங்காக்கில் முதல் நாளை எங்கிருந்து தொடங்குவது என்று நண்பர்கள் கேட்டால், யோசிக்காமல் படகுத்துறை என்பேன். 1782இல் முதலாம் ராமா தலைநகரைச் சாவ் பிரயா ஆற்றின் கிழக்குக் கரைக்குக் கொண்டுவந்தபோது இந்த ஊரின் நடமாட்டமெல்லாம் தண்ணீரில்தான் இருந்தது. பிறகு கால்வாய்களைத் தூர்த்துச் சாலை போட்டார்கள். இன்று அந்தச் சாலைகளில் வாகனங்கள் நகர மறுக்கின்றன. 1999இல் ஓடத் தொடங்கிய பிடிஎஸ் என்னும் மேம்பால ரயில் பழைய நகரத்துக்குள் போவதில்லை. சுரங்க ரயில்கூட 2019இல்தான் அதன் விளிம்பைத் தொட்டது. ஆறு மட்டும் அன்றுபோலவே வழிவிடுகிறது.

கல்லூரிக் காலத்து நண்பர்கள் ஐந்து பேர் போயிருந்தோம். டாக்சியில் நான்கு பேருக்குத்தான் வசதியாக இடம். ஐந்து பேர் என்றால் இரண்டு வண்டி, இரண்டு வழி, முதலில் போய்ச் சேர்ந்தவர்கள் வெயிலில் காத்திருப்பது. அதனாலேயே சப்பான் தக்சின் ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் அறை எடுத்தோம். நிலையத்தின் படிக்கட்டு இறங்கினால் சாத்தோன் படகுத்துறை. கூட்டமாகப் போகிறவர்கள் நீச்சல் குளம், காலை உணவு என்று பார்ப்பதற்கு முன்னால், ரயிலும் படகும் சந்திக்கும் இடத்தில் விடுதி கிடைக்கிறதா என்று பாருங்கள். அங்கே மிச்சமாகும் நேரம் பெரிது.

படகுகளைக் கொடியின் நிறத்தை வைத்து அடையாளம் காண வேண்டும். நீலக்கொடி சுற்றுலாப் பயணிகளுக்கானது, கட்டணம் கூடுதல். ஆரஞ்சுக்கொடி ஊர்க்காரர்கள் ஏறுவது. நாங்கள் போனபோது எங்கே இறங்கினாலும் 16 பாட். ஆறு அதே ஆறுதான். ஆரஞ்சுக்கொடிப் படகில் கூட்டம் நெரியும், ஆனால் வேலைக்குப் போகிறவர்கள், சீருடைப் பிள்ளைகள், தங்களுக்கென்று ஒதுக்கிய இடத்தில் நிற்கும் பிக்குகள் என்று ஊரின் காலைப்பொழுது முழுவதும் அதில்தான் இருக்கிறது. நடத்துநர் அம்மா நீளமான உலோகக் குழாயில் சில்லறையைக் குலுக்கிக்கொண்டே வருவார். படகின் பின்முனையில் நிற்பவர் விசிலடித்தே ஓட்டுநருக்கு வழி சொல்லிக் கரையணைப்பார். அந்த விசில் மொழியைக் கேட்டுக்கொண்டு நின்றதே எனக்கு அன்றைய காலையின் பெரிய மகிழ்ச்சி.

படகு துறையில் நிற்பது சில நொடிகள்தான். கூட்டத்தில் இரண்டு பேர் ஏறி, மூன்று பேர் கரையில் நிற்பது மிகச் சாதாரணமாக நடக்கும். எங்களுக்கும் நடந்தது. "நீங்க போங்கடா, அங்க நில்லுங்க" என்று கரையிலிருந்து ஒருவன் கத்தினான், அவ்வளவுதான். யாரும் பதறவில்லை, ஏனென்றால் ஏறியவர்கள் வாட் அருண் கோயில் துறையில் இறங்கிக் காத்திருப்பது என்று அறையிலேயே பேசி வைத்திருந்தோம். கைபேசி இருக்கிறதே என்று நினைக்க வேண்டாம். எல்லோரிடமும் உள்ளூர் சிம் இருக்காது, சார்ஜும் இருக்காது. அடுத்த சந்திப்பு எங்கே என்பதை ஒவ்வொரு இடத்திலும் கிளம்புவதற்கு முன்பே வாய்விட்டுச் சொல்லிக்கொள்ளுங்கள்.

பணத்துக்கும் அப்படி ஓர் ஏற்பாடு வேண்டும். ஆளுக்கு ஆயிரம் பாட் ஒரே பர்ஸில் போட்டு, கணக்கில் கறாரான நண்பனிடம் கொடுத்துவிட்டோம். படகு, தண்ணீர், கோயில் நுழைவுச்சீட்டு எல்லாம் அதிலிருந்தே. யார் யாருக்கு எவ்வளவு தர வேண்டும் என்ற பேச்சு நாள் முழுக்க எழவே இல்லை. ஒன்று முக்கியம்: படகில் ஆயிரம் பாட் நோட்டை நீட்டாதீர்கள். தெருமுனைக்குத் தெருமுனை இருக்கும் செவன் இலெவன் கடையில் தண்ணீர் வாங்கி மாற்றிக்கொள்ளுங்கள். நடந்து களைத்தவர்களுக்கு அந்தக் கடைகளின் குளிரும் பெரிய உதவி.

வாட் அருணைக் காலையிலேயே பாருங்கள். ஆற்றைப் பார்த்த அதன் கோபுரத்தில் கீழை வெயில் நேராக விழும். கிட்டே போனால்தான் தெரியும், அந்தப் பூவேலை எல்லாம் சீனப் பீங்கான் துண்டுகளையும் சிப்பிகளையும் பதித்துச் செய்தது. பிறகு ஐந்து பாட் கொடுத்துத் தோணியில் அக்கரைக்குப் போனால் வாட் போ கோயில். சயனத்தில் இருக்கும் புத்தர் 46 மீட்டர் நீளம், 15 மீட்டர் உயரம். பலர் முகத்தைப் படமெடுத்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். பாதம்வரை நடந்து போங்கள். உள்ளங்கால்களில் 108 மங்கலச் சின்னங்களை முத்துச்சிப்பியில் இழைத்திருக்கிறார்கள். மருத்துவமும் உடம்பு பிடித்துவிடும் கலையும் கல்வெட்டுகளாகவும் ஓவியங்களாகவும் பொறிக்கப்பட்ட வளாகம் இது. இங்கேயே அந்தக் கலையைச் சொல்லித்தரும் பள்ளியும் இருக்கிறது. இரண்டு நண்பர்கள் கால் பிடித்துக்கொள்ளப் போனார்கள், நாங்கள் மூவரும் நிழலில் உட்கார்ந்தோம். கூட்டமாக வந்தவர்கள் எந்நேரமும் ஒட்டிக்கொண்டே திரிய வேண்டியதில்லை என்பது என் உறுதியான எண்ணம். ஒரு மணி நேரம் பிரிந்திருந்தால் சாப்பாட்டு வேளையில் பேசுவதற்கு நிறைய இருக்கும்.

பிறகு அருகிலுள்ள அரச அரண்மனையின் மதிலோரம் நடக்கும்போது, நன்றாக உடுத்திய ஒருவர் சிரித்துக்கொண்டே வந்து, "அரண்மனை இன்று மூடியிருக்கிறது" என்றார். வேறொரு கோயில் இருக்கிறது, துக் துக்கில் இருபது பாட்தான் என்றார். இது அங்கே பல காலமாக நடக்கும் ஏமாற்று. அந்த வண்டி கடைசியில் ரத்தினக்கல் கடையிலோ தையல் கடையிலோதான் நிற்கும். திறந்திருக்கிறதா என்பதை வாசல்வரை போய் உங்கள் கண்ணால் பாருங்கள். வாக்குவாதம் வேண்டாம். சிரித்துத் தலையசைத்துவிட்டு நடையைக் கட்டலாம்.

எங்களில் ஒருவன் சைவம். காய்கறி மட்டும் என்று சொல்லி வாங்கினாலும் மீன் சாறு விழுந்திருக்கும். மஞ்சள் பலகையில் சிவப்பு எழுத்துப் போட்ட 'ஜே' கடைகளைத் தேடுங்கள். அங்கே மீன் சாறு, முட்டை, வெங்காயம், பூண்டு எதுவும் கிடையாது. அவன் வயிறார உண்டான். அவனுக்காக மற்றவர்கள் பட்டினி கிடக்கவும் நேரவில்லை.

சாப்பிட்டுவிட்டுச் சாவ் சிங் சா என்னும் பெரிய சிவப்பு ஊஞ்சல் தூண்களுக்கு நடந்தோம். 1784இல் எழுப்பியது, பின்னர் இடம் மாறி இங்கே வந்தது. ஆடுகிறவர்கள் விழுந்து இறந்ததால் 1935இல் ஊஞ்சலாட்டத்தை நிறுத்தினார்கள். அருகிலுள்ள தேவஸ்தானம் என்னும் கோயிலில் அரசவைப் பிராமணர்கள் நடத்தும் சடங்கில் திருவெம்பாவைப் பாடல்கள் இன்றும் ஒலிக்கின்றன. ஓதுகிறவர்களுக்குத் தமிழ் தெரியாது. ஆனாலும் தலைமுறை தலைமுறையாகக் காத்துவந்திருக்கிறார்கள். சுற்றுலாப் பட்டியல்களில் இந்த இடம் கடைசியில்தான் வரும். தமிழர்கள் முதல் நாளிலேயே போக வேண்டும் என்பேன்.

மாலையில் டாக்சி தேடாதீர்கள். சேன் சேப் கால்வாயில் படகு ஓடுகிறது. நாங்கள் போனபோது பான் ஃபா துறையில் ஏறினோம். தண்ணீர் கறுப்பு, நாற்றமும் உண்டு. தண்ணீர் தெறிக்கும்போது ஓரத்தில் உட்கார்ந்தவர்கள்தான் கயிற்றை இழுத்துத் தார்ப்பாயை உயர்த்த வேண்டும். தலைக்கவசம் மாட்டிய நடத்துநர் படகின் வெளி விளிம்பிலேயே நடந்து காசு வாங்குவார். ஹுவா சாங் துறையில் இறங்கினால் கொஞ்ச நடையில் தேசிய விளையாட்டரங்க ரயில் நிலையம். அங்கிருந்து மாறாமல் சப்பான் தக்சின். இரவில் இந்தப் படகு கிடையாது, பொழுது சாய்வதற்குள் ஏறிவிடுங்கள்.

அரண்மனையை நாங்கள் அன்று தொடவே இல்லை. தாய்லாந்தின் ராமாயணமான ராமகியென் கதையை 178 சுவரோவியங்களாக வரைந்திருக்கும் இடத்தைக் களைத்த காலோடு பார்க்கக்கூடாது. கதவு திறப்பது காலை எட்டரைக்கு, மாலை மூன்றரையோடு நுழைவுச்சீட்டு முடிந்துவிடும். தோளும் முழங்காலும் மறைய உடுத்தி, மறுநாள் எட்டரைக்கு முன்பே வாசலில் நில்லுங்கள்.